டிபன் கேரியரில் புரதம்: யாங்கோன் வேலைநாட்களுக்கு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலை 6 மணிக்கே அடுப்பைப் பற்றவைத்து, 7 மணிக்குப் பஸ்ஸுக்கு ஓடி, இருட்டிய பின் வீடு திரும்பும் குடும்பங்களுக்காக எழுதியது இது. கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத ஊரில், ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாகச் சமைத்து ஐந்து நாளுக்குப் பிரிட்ஜில் அடுக்கும் முறை சரிவராது. சமைத்த சாப்பாட்டைச் சேர்த்து வைப்பதை விட, சமைப்பதற்கு முந்தைய நிலையில் சேர்த்து வையுங்கள். வறுத்து அரைத்த மாவு, உலர்ந்த பொடி, ஊறப்போடத் தயாரான பயறு ஆகியவைதான் அந்தச் சேமிப்பு. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இதையே சுற்றி வருகின்றன.

ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம் வேண்டும்?

உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராமுக்குச் சற்று மேல் என்பது ஆரோக்கியமான பெரியவர்களுக்கான அடிப்படை அளவு. 60 கிலோ எடை உள்ளவருக்கு 50 கிராம். மூட்டை தூக்குபவர்கள், உடற்பயிற்சி செய்பவர்கள், 60 வயதைக் கடந்தவர்கள் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை, அதாவது 60 முதல் 72 கிராம் வரை வைத்துக்கொள்வது நல்லது. வேளைக்கு 20 கிராம் என்று மனதில் வைத்தால் கணக்கு சுலபம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் அளவைக் கூட்டக் கூடாது.

நாங்கள் தினமும் பருப்பு சாப்பிடுகிறோமே, அது போதாதா?

தட்டைப் பாருங்கள். 350 கிராம் சோற்றில் 9 கிராம் புரதம் இருக்கும். இரண்டு கரண்டி சாம்பாருக்குள் போன பருப்பு, காய்ந்த எடையில் 20 கிராம்தான் வரும், அதிலிருந்து 4 கிராம் கிடைக்கும். காய்கறிக் கூட்டில் 2 கிராம். மொத்தம் 15. வயிறு நிறைந்துவிடுகிறது, ஆனால் அதை நிறைத்தது சோறு. சாம்பாரைக் கெட்டியாக்கி, ஆளுக்குக் காய்ந்த பருப்பு 50 கிராம் வரும்படி வைத்து, சோற்றில் 100 கிராம் குறைத்தால் அதே தட்டு 20 கிராமைத் தொடும். புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களில், அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. இரண்டும் ஒரே நாளில் வயிற்றுக்குள் போனால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். ஒரே வாயில் சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்றில்லை. மெத்தியோனின் கூடுதலாக உள்ள எள்ளைப் பொடியில் சேர்ப்பதும் இதற்கு உதவும்.

வீசைக் கணக்கிலும் பால்டின் கணக்கிலும் வாங்குகிறோம். கிராமுக்கு எப்படி மாற்றுவது?

பர்மா வீசை 1.63 கிலோ. தமிழ்நாட்டின் பழைய வீசை 1.4 கிலோ, அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 100 டிக்கல் ஒரு வீசை, ஆகவே 10 டிக்கல் 163 கிராம். கண்டென்ஸ்டு மில்க் டின்னால் அளந்தால் ஒரு டின் பருப்பு ஏறக்குறைய 250 கிராம் வரும். தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்பதைப் பொறுத்து இது மாறும். உங்கள் வீட்டு டின்னை ஒருமுறை தராசில் வைத்துப் பார்த்து, எடையை அதன் அடியிலேயே எழுதிவிடுங்கள்.

விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால், எது மலிவு என்பதைப் புரதத்தை வைத்துக் கணக்கிடுங்கள். ஒரு வீசை உளுந்தில் (கடையில் மட்பே) சுமார் 400 கிராம் புரதம். வேர்க்கடலையிலும் ஏறத்தாழ அதே. கொண்டைக்கடலையில் சுமார் 320. எலும்பில்லாத கோழியில் சுமார் 310, எலும்போடு வாங்கினால் 200 முதல் 220. பத்து முட்டையில் 60. அன்றைய விலையை இந்த எண்ணால் வகுத்தால் ஒரு கிராம் புரதம் என்ன விலை என்று தெரிந்துவிடும். உளுந்தும் துவரையும் இந்த மண்ணில் விளைந்து இந்தியாவுக்குக் கப்பல் ஏறும் சரக்குகள். இங்கே வாழும் நாம் அவற்றை இட்லிக்கும் சாம்பாருக்கும் மட்டும் ஒதுக்கி வைக்கத் தேவையில்லை.

வாரம் முழுக்க வைத்திருக்க ஒரே ஒரு பொருள் தயார் செய்வதானால் எது?

அடை மாவு, ஈர மாவாக இல்லாமல் உலர் மாவாக. ஆட்டி வைத்த மாவு யாங்கோன் வெயிலில் ஆறு மணி நேரத்தில் புளிக்கும். உலர் மாவு மூன்று வாரம் நிற்கும்.

அளவு: கடலைப்பருப்பு 400 கிராம், துவரம்பருப்பு 200, உளுத்தம்பருப்பு 200, பச்சரிசி 200, காய்ந்த மிளகாய் 10, சீரகம் 2 தேக்கரண்டி, பெருங்காயம் 1 தேக்கரண்டி. இந்த ஒரு கிலோ மாவில் ஏறத்தாழ 190 கிராம் புரதம். 100 கிராம் மாவுக்கு மூன்று அடை வரும், ஒவ்வொன்றிலும் 6 கிராம்.

ஒவ்வொன்றையும் தனித்தனியாக, சிறு தீயில், வாசம் வரும் வரை மட்டும் வறுக்க வேண்டும். சிவக்க விட்டால் அடை கசக்கும். சேர்த்து வறுத்தால் உளுந்து கருகும்போது கடலைப்பருப்பு பச்சையாகவே இருக்கும். தட்டில் பரப்பி முழுதும் ஆறிய பிறகே மில்லுக்குக் கொண்டுபோங்கள். சூட்டோடு அரைத்தால் மாவில் ஈரம் தங்கி, வாரத்துக்குள் கட்டி தட்டும். ரவைப் பதத்துக்குச் சற்று நைஸாக அரைக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் ஒரே டப்பாவில் கொட்டி வைக்காமல், 200 கிராம் பொட்டலங்களாக இறுக்கிக் கட்டுங்கள். தினமும் திறக்கும் டப்பாவுக்குள் தினமும் ஈரக்காற்று போகும், வண்டும் வரும்.

காலையில் 100 கிராம் மாவு, 160 மில்லி தண்ணீர், உப்பு சேர்த்து 20 நிமிடம் ஊறவிடுங்கள். அதற்குள் குளித்துவிட்டு வந்துவிடலாம். ஒரு முட்டையை உடைத்துக் கலக்கினால் 6 கிராம் புரதம் கூடுவதோடு, அடை மிருதுவாகவும் இருக்கும். முருங்கைக்கீரை சேர்க்கலாம். நடுத்தரத் தீயில் பக்கத்துக்கு மூன்று நிமிடம்.

அடை பிய்ந்து போனால் மாவு ஊறவில்லை. நடுவில் பச்சை வாசம் அடித்தால் தடிமனாக ஊற்றிவிட்டீர்கள். மதியம் தோல்போல் இழுத்தால் தீ அதிகம் அல்லது எண்ணெய் குறைவு. சுட்டவுடன் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கேரியரை மூடுவதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு. ஆவி நீராகி அடையில் இறங்கும், பத்து மணிக்குள் நாற்றம் வரும். தட்டில் தனித்தனியாகப் பரப்பி, ஆறிய பிறகு அடுக்குங்கள்.

பர்மியத் தோஃபு புரதம் நிறைந்தது என்கிறார்களே?

தோஃபு என்ற பெயரால் வரும் குழப்பம் இது. சோயாப் பாலைத் திரித்து, தண்ணீரைப் பிழிந்தெடுத்துச் செய்வது சீனத் தோஃபு. ஷான் மாநிலத்து மஞ்சள் தோஃபு கடலைமாவைத் தண்ணீரில் காய்ச்சி உறைய வைத்தது. அதிலிருந்து தண்ணீரை யாரும் பிழிவதில்லை. ஒரு கப் கடலைமாவுக்கு மூன்று கப் தண்ணீர் ஊற்றினால், 120 கிராம் மாவில் இருக்கும் 26 கிராம் புரதம் 800 கிராம் தோஃபுக்குள் பரவிவிடுகிறது. 100 கிராம் எடுத்தால் 3 கிராம்தான் மிஞ்சும். சோற்றில் இருப்பதை விட ஒரு துளி அதிகம், அவ்வளவே. நல்ல கெட்டியான சோயாத் தோஃபுவில் இதைப்போல் மூன்று நான்கு மடங்கு இருக்கும்.

சாப்பிட வேண்டாம் என்று சொல்லவில்லை. வேர்க்கடலைப் பொடி, எள், வறுத்த பூண்டு போட்ட தோஃபுத் தோ (தோ என்றால் பர்மியப் பாணியில் பிசைந்த கலவை) அருமையான பலகாரம், அதில் புரதம் பெரும்பாலும் அந்த வேர்க்கடலையிலிருந்து வருகிறது. ஆனால் மதியச் சாப்பாட்டின் புரதம் இதுதான் என்று நம்பி எடுத்துப் போகாதீர்கள். அதே கடலைமாவு 60 கிராமைத் தோசையாக ஊற்றினால் இரண்டே தோசையில் 13 கிராம் கிடைக்கும். தோஃபுவாகச் செய்தால் அதே 13 கிராமுக்கு 400 கிராம் சாப்பிட வேண்டும். ஈரம் மிகுந்த பண்டம் என்பதால் வெயிலில் சீக்கிரம் பிசுபிசுக்கும், கேரியருக்கும் உகந்ததல்ல.

காலையில் வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது. தெருவில் எதைச் சாப்பிடலாம்?

பெப்யோ. முளைகட்டி அவித்த பட்டாணியை விடியற்காலையில் கூவி விற்பார்கள். 150 கிராம் வாங்கினால் 11 அல்லது 12 கிராம் புரதம். நான் ரொட்டி ஒன்றோடு சேர்த்தால் 18 வரை போகும். ஆவி பறக்கும்போது வாங்குங்கள், எண்ணெயும் வெங்காயமும் வீட்டில் சேர்த்துக்கொள்ளலாம். மொஹிங்கா (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) என்றால் அவித்த முட்டை ஒன்றுக்கு இரண்டாகக் கேளுங்கள். மேலே போடும் பொரிப்பில் பருப்பை விட எண்ணெய்தான் அதிகம், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

செய்து வைத்தால் கெடாத அசைவப் பொருள் ஏதாவது?

பாலாச்சாங். பர்மியர் வீட்டிலும் தமிழர் வீட்டிலும் இருக்கும் இந்தக் காய்ந்த இறால் வறுவலைத் தொடுகறியாகவே நினைக்கிறோம். காய்ந்த இறாலின் எடையில் பாதிக்கு மேல் புரதம்.

காய்ந்த இறால் 100 கிராம், சின்ன வெங்காயம் 150, பூண்டு 50, எண்ணெய் 150 மில்லி, மிளகாய்த்தூள் 1 மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி. இறாலைக் கழுவி, துணியில் ஒற்றி, நன்றாகக் காயவைத்து, பஞ்சுபோல் இடித்துக்கொள்ளுங்கள். வெங்காயத்தையும் பூண்டையும் ஒரே தடிமனில் சீவித் தனித்தனியாகப் பொரியுங்கள். பூண்டு வெளிர் மஞ்சளாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். வெளியே எடுத்த பிறகும் அது சிவந்துகொண்டே போகும், சட்டியிலேயே சிவந்தால் மொத்தமும் கசக்கும். பிறகு அதே எண்ணெயில் மஞ்சள், இறால் தூள் போட்டுச் சிறு தீயில் சலசலப்பு அடங்கும் வரை வறுத்து, மிளகாய்த்தூள் சேர்த்து இறக்குங்கள். ஆறிய பின் பொரித்ததைக் கலந்து உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் போடுங்கள். ஈரக் கரண்டி படாமல் இருந்தால் இரண்டு வாரம் தாராளமாக நிற்கும். பூஞ்சை பிடித்தால் காரணம் அநேகமாக அரைகுறையாக வறுபட்ட வெங்காயம்தான்.

இரண்டு மேசைக்கரண்டியில் 6 முதல் 8 கிராம் புரதம் சேரும். உப்பு அதிகம் என்பதால் அதற்கு மேல் போகாதீர்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இறாலை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுக் காயவைத்துப் பயன்படுத்தலாம். உப்பு குறையுமே தவிர முழுதும் போகாது. இறால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது ஆகாது.

அவித்த முட்டை மதியம் வரை தாங்குமா?

32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் சீக்கிரம் கெடும் சமைத்த பண்டம் வெளியே ஒரு மணி நேரம், அதற்குக் கீழே என்றால் இரண்டு மணி நேரம் என்பது பாதுகாப்புக் கணக்கு. தகூ (ஏப்ரல்) மாதத்து யாங்கோனில் ஒரு மணி நேரம்தான். பச்சை முட்டை வெளியே தாங்குகிறதே, அவித்தது ஏன் தாங்காது என்று கேட்பார்கள். அவிக்கும்போது ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய காப்புப் படலம் போய்விடுகிறது, நுண்துளைகள் வழியாகக் கிருமி நுழைய வழி கிடைக்கிறது. ஆகவே காலையில் அவித்ததை வேலைக்குப் போய்ச் சேர்ந்தவுடன் காலைச் சாப்பாடாக முடித்துவிடுங்கள். மதியத்துக்குத்தான் வேண்டும் என்றால், உறைந்த அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றை டப்பாவோடு ஒட்டித் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். ஓட்டை உரிக்காமல் வைக்க வேண்டும், அவியும்போதே வெடித்ததை அப்போதே சாப்பிட்டுவிட வேண்டும்.

சோறும் குழம்பும்தான் வேண்டும் என்பவர்களுக்கு?

எவர்சில்வர் கேரியர் சூட்டைப் பிடித்து வைக்காது. காலை 6 மணிக்கு வடித்த சோறு மதியம் 12 மணி வரை வெதுவெதுப்பாகவே இருக்கும், கிருமி பெருகுவதற்கு அதுதான் ஏற்ற சூடு. சோற்றில் இருக்கும் பாசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதித்தாலும் சாவதில்லை. அது உண்டாக்கும், வாந்தி வரவழைக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. மதியம் மைக்ரோவேவில் காட்டிவிட்டால் சரியாகிவிடும் என்பது தவறான நம்பிக்கை.

வாயகன்ற சூட்டுக் குடுவை ஒன்று வாங்குவது நல்ல செலவு. கொதிநீர் ஊற்றி மூடி பத்து நிமிடம் வைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்கக் கெட்டிப் பருப்பையோ கோழிக் குழம்பையோ விளிம்பு வரை நிரப்புங்கள். அரைக் குடுவையாக வைத்தால் காலி இடம் சூட்டைத் தின்னும். மதியம் திறக்கும்போது வாயில் வைக்க முடியாத சூடு இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் அந்தக் குடுவை குழம்புக்கு ஆகாது. சோற்றுக்குப் பதில் அடையோ சப்பாத்தியோ தொட்டுச் சாப்பிட்டால் கவலை இன்னும் குறைவு.

அதே குடுவையில் பயறு வேகவைக்கலாமா? கேஸ் மிச்சமாகுமே.

பச்சைப்பயறுக்கு (கடையில் பேடிசேன்) அருமையாக வரும். 100 கிராம் பயறை நான்கு மணி நேரம் ஊறவைத்து, புதுத் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, சூடாக்கிய ஒரு லிட்டர் குடுவையில் நீரோடு ஊற்றி மூடுங்கள். இரண்டு மணி நேரத்தில் மசியும். 24 கிராம் புரதம். வெங்காயம், எலுமிச்சை, வறுத்த வேர்க்கடலை போட்டுப் பிசைந்தால் நல்லதொரு தோ.

ராஜ்மா வகைச் சிவப்பு அவரைக்கு மட்டும் ஒருபோதும் இந்த முறை கூடாது. அதில் இருக்கும் லெக்டின் என்ற நஞ்சு, குறைந்த சூட்டில் வெந்தால் அழிவதற்குப் பதில் வீரியம் கூடும். ஊறவைத்து, நீரை மாற்றி, அடுப்பிலேயே தளதளவென்று பத்து நிமிடத்துக்குக் குறையாமல் கொதிக்கவிட்டு, அடுப்பிலேயே வேகவைத்து முடிக்க வேண்டும்.

புரட்டாசி சனிக்கிழமை, தீமிதிக்குக் காப்புக் கட்டிய நாட்கள். முட்டையும் கூடாது. அப்போது?

கடலைச் சத்துமாவு. வறுத்த கொண்டைக்கடலை 500 கிராம், வறுத்த சீரகம் 10 கிராம், உப்பு 10 கிராம், நைஸாக அரைத்துச் சலிக்கவும். 40 கிராமில் 8 அல்லது 9 கிராம் புரதம். மாவைச் சிறு பொட்டலமாகவும் தண்ணீரைப் பாட்டிலிலும் தனித்தனியே எடுத்துப் போங்கள். பாட்டிலில் தண்ணீர் இருக்கும்போது மாவைக் கொட்டிக் குலுக்க வேண்டும். மாவை முதலில் போட்டால் அடியில் ஒட்டிக்கொண்டு கிளம்பாது. எலுமிச்சை பிழிந்து உடனே குடித்துவிட வேண்டும்.

இதோடு ஒரு கைப்பிடி (30 கிராம்) வேர்க்கடலையும், மதியம் இரண்டு அடையும், இரவு 60 கிராம் பருப்பில் கெட்டிக் கூட்டும் இருந்தால் அன்றைக்கு 42 கிராம் ஆகிவிடும். மிச்சம் சோற்றிலிருந்தே வரும். ஷான் கடைகளில் வட்ட வட்டமாகக் காயவைத்து விற்கும் புளித்த சோயா அப்பளமான பெபொக்கைச் சுட்டுப் பொடித்துச் சோற்றில் தூவலாம். அதன் வாசம் சிலருக்குப் பிடிக்காது, பிடித்துப்போனால் விடமாட்டார்கள்.

வேர்க்கடலையில் ஒரு எச்சரிக்கை: சுருங்கிய, கறுத்த, கசக்கும் பருப்பைப் பொறுக்கி எறியுங்கள். பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு வறுத்தாலும் முழுதும் போகாது, ஈரலைக் கெடுக்கும்.

பயறு கூட்டினால் வயிறு உப்புகிறது.

திடீரென்று கூட்டியதால்தான். முதல் வாரம் நாளுக்கு 30 கிராம், அடுத்த வாரம் 60 என்று ஏற்றுங்கள். ஊறவைத்த நீரைக் கொட்டிவிடுங்கள், இஞ்சியும் பெருங்காயமும் தாராளமாகப் போடுங்கள்.

கரண்டு போனால் பிரிட்ஜில் இருப்பதை எப்போது கொட்டுவது?

திறக்காமல் இருந்தால் பிரிட்ஜ் நான்கு மணி நேரம் குளிர்ச்சியைக் காக்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். ஃப்ரீசரில் காலி இடத்தைத் தண்ணீர் பாட்டிலால் நிரப்பி வையுங்கள். ஒரு சின்னச் சோதனை: ஒரு குவளைத் தண்ணீரை உறையவைத்து, மேலே ஒரு நாணயத்தை வைத்து ஃப்ரீசரிலேயே விடுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் பனி உருகி மறுபடி உறைந்திருந்தால் நாணயம் கீழே இறங்கியிருக்கும். அப்படி இறங்கியிருந்தால் உள்ளே இருக்கும் கோழியையும் மீனையும் நம்பாதீர்கள். நாற்றம் வரவில்லையே என்று வைத்துக்கொள்வது ஆபத்து, நோய் தரும் கிருமிகள் எல்லாமே நாற்றம் தருவதில்லை.

மோல்மேனுக்குப் பஸ்ஸில் போகிறோம், நாள் முழுக்க வழியிலேயே போகும். என்ன கட்டிக்கொள்வது?

வெங்காயமும் முட்டையும் கீரையும் சேர்க்காத அடை நான்கு, அரைத் தடிமனில் நன்றாகச் சுட்டு, முழுதும் ஆறவிட்டு வாழையிலையில் கட்டியது. தொட்டுக்கொள்ளப் பாலாச்சாங் அல்லது எள்ளுப்பொடி. தேங்காய்ச் சட்னி வேண்டாம், முதலில் கெடுவது அதுதான். சத்துமாவுப் பொட்டலம் இரண்டு, வேர்க்கடலை ஒரு பால்டின். அவித்த முட்டை எடுத்தால் பஸ் கிளம்பியவுடன் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.